யன்மார் 3ஜிஎம்30 ஆயில் மாத்தணும்: ட்ரெய்ன் நட்டுக்குக் கையே போகல, என்ன வழி?

ஆயர்தாவார்_பொமன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புல பொமன், அதாவது மெக்கானிக். டிராக்டர், லோரி, ஜென்செட் எதுவா இருந்தாலும் பிரிச்சு மாட்டிடுவேன். போட் இன்ஜின் மட்டும் புதுசு.

லுமுட் பக்கத்து மரினாவுல ஒரு வெள்ளைக்காரத் தம்பதியோட பாய்மரப் படகு நிக்குது. என் மச்சான் அங்க பெயின்ட் வேலை பாக்குறான், அவன்தான் என்னை இதுல இழுத்துவிட்டான். அடுத்த வாரம் படகைக் கரையேத்திட்டு அவங்க ஊருக்குக் கிளம்புறாங்க, திரும்ப வர ஏழெட்டு மாசம் ஆகுமாம். போறதுக்கு முன்னாடி ஆயிலும் ஃபில்டரும் மாத்தித் தரச் சொல்றாங்க.

இன்ஜின் யன்மார் 3ஜிஎம்30. உள்ள இறங்குற படிக்கட்டைக் கழட்டினா பின்னாடி பெட்டிக்குள்ள உக்காந்திருக்கு. சம்புக்கும் (இன்ஜின் அடியில ஆயில் நிக்குற தொட்டி) படகோட அடிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம்தான். ட்ரெய்ன் நட்டு இருக்குதா இல்லையான்னு தடவிப் பாக்கக்கூட கை போகல. டிராக்டர்னா அடியில படுத்து நட்டைக் கழட்டி, தோங்கை (ஆயில் பிடிக்கிற டின்னு) வெச்சா வேலை முடிஞ்சது. இதுல எப்படி எடுக்கிறது?

இன்னொண்ணு. அவங்க நோட்டுல எழுதி வெச்ச கணக்குப்படி போன தடவை மாத்தினதுக்கு அப்புறம் 40 மணி நேரம்தான் ஓடியிருக்கு. மேனுவல்ல 100 மணின்னு போட்டிருக்கு. எங்க தோட்டத்துல மணிக்கணக்கு ஏறாம ஆயில் கேட்டா ஸ்டோர் கிராணி மொறைப்பாரு. 40 மணி ஆயிலைக் கொட்டுறது வீண் செலவு இல்லையா? ஓனரம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன், சிரிச்சிட்டு மாத்திடுங்கன்னுட்டாங்க.

ஃபில்டருக்குப் பழைய புரோட்டான் காரோடது சரியா உக்காரும்போல தெரியுது. போடலாமா?

லோரி_மன்னன்:

40 மணி ஆயில் புது ஆயில் தம்பி. எடுத்து எனக்குக் குடுங்க, என் லோரிக்கு ஊத்திக்கிறேன். டீசல் இன்ஜின்ல ஆயில் மாத்துன மறுநாளே கறுத்துப் போகுது, அப்புறம் எதைப் பாத்து புதுசு பழசுன்னு சொல்றது? காசு குடுக்கிறவங்க கேக்குறாங்கன்னா மாத்திட்டு வாங்க. அதுல விஷயம் ஒண்ணும் இல்ல.

கரையேத்தி:

பிரதர், ட்ரெய்ன் நட்டை மறந்துடுங்க. இருந்தாலும் கழட்ட முடியாது, கழட்டினாலும் கீழ தோங்கு வைக்க இடமில்ல. போட்ல ஆயில் மேல வழியாத்தான் வெளிய வரும். டிப்ஸ்டிக் போற ஓட்டைக்குள்ள மெல்லிசுக் குழாயை விட்டு உறிஞ்சி எடுக்கணும். அதுக்குன்னே கைப்பம்பு விக்குது: ஒரு டப்பா, அது மேல சைக்கிள் பம்பு மாதிரி ஒரு கைப்பிடி. கொஞ்ச நேரம் இழுத்தீங்கன்னா டப்பாவுக்குள்ள காத்து குறைஞ்சு, ஆயில் தானா ஏறி வரும். உங்க மச்சான் வேலை பாக்குற யார்டுல யார்கிட்டயாவது இருக்கும், கேட்டு வாங்குங்க.

முதல்ல இன்ஜினைச் சூடாக்கணும். படகைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டு, கியர்ல விட்டு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. சும்மா ஐட்லிங்ல விட்டா சூடு ஏறாது. சூடான ஆயில் இளகி ஓடும், அடியில படிஞ்ச கரியையும் கலக்கி எடுத்துக்கிட்டு வரும். ஆறிப்போன ஆயிலை அந்தக் குழாயில இழுக்க ஆரம்பிச்சீங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடியாது. அதுக்குன்னு கை வெந்துபோற அளவு சூட்டுல ஃபில்டரைத் தொட்டுடாதீங்க, கொஞ்சம் பொறுத்து ஆரம்பிங்க.

எல்லாத்தையும் படகு தண்ணியில இருக்கும்போதே முடிச்சிடுங்க. கரையேத்தின பிறகு இன்ஜினைக் குளிர வைக்கக் கடல் தண்ணி ஏது? வாளியில தண்ணி பிடிச்சு, ஓஸ் மாட்டி, ஒருத்தர் ஊத்த ஒருத்தர் ஓட்டன்னு பெரிய தொல்லை.

இப்ப சொல்றதை மட்டும் மறக்காதீங்க. பில்ஜ் பம்பு (படகோட அடிக்குழியில சேர்ற தண்ணியை வெளிய தள்ளுறது) ஆட்டோவுல இருக்கும், வேலையைத் தொடங்கும் முன்னாடி அதை ஆஃப் பண்ணுங்க. கொஞ்சம் ஆயில் சிந்தி பில்ஜுக்குள்ள இறங்கிச்சுன்னா, அங்க தண்ணி சேரும்போது பம்பு தானா ஓடி எல்லாத்தையும் கடல்ல துப்பிடும். மரினா தண்ணி முழுக்க கலர் கலரா மினுங்கும். எந்தப் படகுன்னு கண்டுபிடிக்க யாருக்கும் ரொம்ப நேரம் ஆகாது.

குழாயை உள்ள விட்டு அடியைத் தொட்டதும் ஒரு நூல் மேல தூக்கிப் பிடிங்க. கர்ர்னு காத்து இழுக்குற சத்தம் வந்தா கொஞ்சம் நகத்துங்க, இடம் மாறினா இன்னும் ஒரு வாய் வரும். 3ஜிஎம்30-க்கு மொத்தமே சுமார் 2.6 லிட்டர்தான். டப்பாவுல எவ்வளவு வந்துச்சுன்னு அளந்து எழுதி வைங்க. நிறைய பேர் அதைச் செய்யுறதில்ல.

ஃபில்டர் இன்ஜினோட பக்கவாட்டுல படுத்த மாதிரி இருக்கும். தளர்த்தின உடனே உள்ள நிக்குற ஆயில் முழங்கை வரைக்கும் வழியும். மேல்பக்கம் ஆணியால ஒரு ஓட்டை போட்டுட்டு கொஞ்ச நேரம் விடுங்க, பாதி உள்ளுக்கே இறங்கிடும். அப்புறம் கெட்டியான பிளாஸ்டிக் பையை ஃபில்டருக்குப் போத்தி, பையோட சேத்துத் திருப்புங்க, பைக்குள்ளயே விழுந்துடும். அடியில பேம்பர்ஸ் விரிச்சு வைங்க. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையமும் கூடவே வந்துச்சான்னு பாத்துக்குங்க. அது இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நிக்க, அது மேலயே புதுசைப் போட்டா ஸ்டார்ட் பண்ண உடனே ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது ஃபில்டரோட வளையத்துல விரலால ஆயில் தடவி, கையாலயே திருப்புங்க, வளையம் தொட்டதுக்கு அப்புறம் முக்கால் சுத்து போதும்.

ஊத்தும்போது ரெண்டு லிட்டர் ஊத்தி நிறுத்துங்க. பொறுத்து டிப்ஸ்டிக் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஸ்டார்ட் பண்ணி ஆயில் லைட் அணைஞ்சதும் நிறுத்தி, திரும்பவும் பாருங்க. ஃபில்டர் குடிச்ச அளவுக்குக் குறைஞ்சிருக்கும்.

நேவி_கிழவன்:

தம்பி கரையேத்தி சொன்னது எல்லாம் சரி. பேம்பர்ஸ் தண்ணீரைத்தான் நன்றாகக் குடிக்கும், எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது. எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளை ஷீட் கப்பல் சாமான் கடைகளில் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

நான் லுமுட் கடற்படைத் தளத்தில் இன்ஜின் ரூமில் காலம் தள்ளியவன். ஆயர்தாவார் தம்பியிடம் ஒரு கேள்வி. பெயர்த்தட்டில் 3ஜிஎம்30 என்று மட்டும் இருக்கிறதா, கடைசியில் எஃப் எழுத்து இருக்கிறதா?

ஆயர்தாவார்_பொமன்:

வணக்கம் ஐயா. எஃப் இல்ல, 3ஜிஎம்30 மட்டும்தான். ஏன் ஐயா?

நேவி_கிழவன்:

எஃப் இருந்தால் உள்ளே நல்ல தண்ணீர் சுற்றும். கடல் தண்ணீர் வெளியிலிருந்து அதைக் குளிர வைக்கும். எஃப் இல்லையென்றால் கடல் தண்ணீரே நேராக இன்ஜின் பிளாக்குக்குள் ஓடுகிறது. உப்புத் தண்ணீரை ரொம்பச் சூடாக விட்டால் உள்ளே உப்பு படிந்து பாதை அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த வகைக்கு 42 பாகையிலேயே திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறார்கள். எஃப் வகைக்கு 71 பாகை. உங்கள் டிராக்டர் 80 பாகைக்கு மேல் ஓடுகிறது அல்லவா, இது பாதிச் சூட்டில் ஓடுகிறது.

இப்போது லோரிக்காரர் கேட்டதற்கு வருகிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கும். உங்கள் லோரியில் ஆயில் நன்றாகக் காய்வதால் அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே போய்விடுகிறது. பாய்மரப் படகில் என்ன செய்கிறார்கள்? ஜெட்டியிலிருந்து வெளியே வர இன்ஜின், பாயை ஏற்றியதும் நிறுத்தம், திரும்பி உள்ளே வர மறுபடி இன்ஜின். ஆயில் காய்வதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஈரமும் புகைக்கரியும் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிச் சம்பிலேயே தங்குகிறது. 40 மணி நேரம் லோரிக்கு நாலைந்து நாள் ஓட்டம். இந்தப் படகுக்கு அது ஒரு வருஷமாக இருக்கலாம்.

அந்த அமிலத்தோடு ஏழெட்டு மாசம் வெயிலில் நிறுத்தி வைத்தால் பேரிங், கிராங்க் ஷாஃப்ட் எல்லாம் அதிலேயே ஊறும். ஓடும்போது தேய்வதைவிடச் சும்மா நிற்கும்போது அரிப்பதுதான் இந்த இன்ஜின்களுக்கு எமன். ஆகவே ஓனரம்மா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. வந்த பிறகு மாற்றலாம் என்று விட்டுப் போகிறவர்கள்தான் தப்புச் செய்கிறார்கள். போகும் முன் மாற்ற வேண்டும். மாற்றியதும் சில நிமிடம் ஓட்டி, புது ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த பிறகே நிறுத்த வேண்டும்.

லோரி_மன்னன்:

ஐயா சொல்றது படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் படகுக்காரங்க அப்படியா ஓட்டுறாங்க? லங்காவியில இருந்து லுமுட் வரைக்கும் இன்ஜின்லதான் வந்தேன்னு ஒரு வெள்ளைக்காரர் என்கிட்டயே சொன்னாரு.

பாய்மரம்_பிடி:

போர்ட் டிக்சன்ல இருந்து எழுதுறேன், சின்னப் படகு ஒண்ணு வெச்சிருக்கேன். லோரி அண்ணன் சொல்றது உண்மை. மலாக்கா நீரிணையில காத்து எங்க இருக்கு? ஒண்ணு சும்மா கிடக்கும், இல்லன்னா விடியக்காலையில சுமாத்ரா புயல் வந்து தூக்கி அடிக்கும். நடுவுல எல்லாம் மோட்டார்தான். நீண்ட பயணம் வர்றவங்களுக்கு 100 மணி சீக்கிரமே ஏறிடும், அவங்க மணிக்கணக்குதான் பாக்கணும். கயிறு கட்டியே கிடக்குற என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் காலண்டர் கணக்கு. ஆயர்தாவார் பிரதர், அந்த நோட்டுல ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் ஓட்டியிருக்காங்கன்னு பாருங்களேன். அதுலயே பதில் இருக்கும்.

ஆயர்தாவார்_பொமன்:

ஓனரம்மாகிட்ட நோட்டை வாங்கிப் பாத்தேன். பென்சில்ல சின்னச் சின்ன எழுத்து. தாய்லாந்துல இருந்து வந்தப்ப மட்டும் ஒரு நீளமான ஓட்டம். அதுக்கப்புறம் வரிசையா 0.3, 0.4, 0.3, 0.2ன்னு பக்கம் முழுக்க. பங்கோரைச் சுத்தி வந்துக்கிட்டே இருந்திருக்காங்க. ஐயா சொன்ன கதைதான். நான் மாத்துறேன்.

பிடி பிரதர், ஃபில்டர் விஷயம் யாரும் சொல்லலியே?

சித்தியவான்_ஸ்பேர்பாட்_அக்கா:

நான் சொல்றேன் தம்பி, தினம் கவுண்டர்ல இந்தக் கேள்விதான். யன்மார் ஜிஎம் ஃபில்டரோட மரை எம்20, 1.5 பிட்ச். மிட்சுபிஷி இன்ஜின் வெச்ச பழைய புரோட்டானும் எம்20, 1.5 பிட்ச். அதனால திருப்பினா உக்காரும், உங்க கண்ணு தப்பில்ல. ஆனா மரை சேந்துட்டா போதும்னு நினைக்காதீங்க. உங்க இன்ஜின்ல ஃபில்டர் படுத்திருக்குன்னு மேல சொல்லியிருக்காங்க. படுத்த ஃபில்டருக்கு உள்ள ஒரு ரப்பர் மடல் நல்லா வேலை செய்யணும், இல்லன்னா இன்ஜினை நிறுத்தினதும் ஆயில் எல்லாம் சம்புக்கு வடிஞ்சிடும், அடுத்த ஸ்டார்ட்ல பேரிங் வறண்டு சுத்தும். ஃபில்டர் அடைச்சா ஆயிலுக்கு வழி விடுற பைபாஸ் வால்வு திறக்குற பிரஷரும் காடிக்கு (காருக்கு) வேற, இதுக்கு வேற. வெளியில பாத்து அதெல்லாம் தெரியாது. யன்மார் நம்பர் 119305-35151, இப்ப 119305-35170ன்னு வருது. அதைச் சொல்லிக் கேளுங்க. அஞ்சாறு வெள்ளி மிச்சம் பிடிக்க வேற எவ்வளவோ இடம் இருக்கு.

பொதுவா எல்லாருக்கும் சொல்றேன்: டொயோட்டாவோட மரை முக்கால் இஞ்ச். எம்20 ஃபில்டர் முக்கால் இஞ்ச் தண்டுல லொடலொடன்னு ஏறிடும், இறுகின மாதிரியும் தெரியும். பிரஷர் வந்ததும் பிடுங்கிக்கிட்டுப் போயிடும்.

ஆயர்தாவார்_பொமன்:

நன்றி அக்கா. நாளைக்கே கடைக்கு வர்றேன், எடுத்து வைங்க. ஆயில் தோட்டத்துல போடுற 15டபிள்யூ-40 சரிப்படுமா?

சித்தியவான்_ஸ்பேர்பாட்_அக்கா:

டீசல் இன்ஜினுக்கான 15டபிள்யூ-40 தாராளமாப் போடலாம், நம்ம ஊர்ச் சூட்டுக்கு அதுதான். டின்னுல சிஎஃப்-4 இல்ல சிஐ-4ன்னு போட்டிருக்கும். பெட்ரோல் காடிக்குன்னு விக்கிற ஆயில் வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயிலும் கேட்டாங்களா?

ஆயர்தாவார்_பொமன்:

கேக்கல. அதுக்கும் மாத்தணுமா?

கரையேத்தி:

அதுக்கும் ஒரு சின்ன டிப்ஸ்டிக் இருக்கு பிரதர், பின்பக்கம். யன்மார் கேஎம் கியர்பாக்ஸ்னா இதே இன்ஜின் ஆயில்தான், ஒரு டம்ளர் அளவுதான் பிடிக்கும். டிப்ஸ்டிக்கை மரையில திருப்பாம சும்மா வெச்சு எடுத்துப் பாக்கணும். ஆனா வேற கம்பெனி கியர்பாக்ஸ் மாத்திப் போட்டிருந்தா சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோ கியர் ஆயில்) கேக்கும். தட்டைப் படிச்சுப் பாத்துட்டு ஊத்துங்க.

மில்_லேப்:

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். நான் பாமாயில் மில் லேபில் வேலை செய்கிறேன், எங்கள் சரக்குதான் டீசலிலும் போகிறது என்பதால் ஒரு செய்தி. இங்கே பம்பில் பிடிக்கும் டீசலில் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. பி10 என்றால் நூற்றுக்குப் பத்து பங்கு. சம்புக்குள் கொஞ்சம் சாதா டீசல் இறங்கினால், ஆயில் காயும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். பயோடீசல் 300 பாகைக்கு மேல்தான் கொதிக்கும் என்பதால் இறங்கியது இறங்கியதுதான், ஆயிலிலேயே தங்கி அதை நீர்க்கச் செய்யும். ஈரத்தையும் அது அதிகமாக இழுத்துப் பிடிக்கும். நேவி ஐயா சொன்ன காலண்டர் கணக்குக்கு இதுவும் ஒரு காரணம். கந்தகத்தைப் பொறுத்தவரை நிலைமை பழையபடி இல்லை. 2021 ஏப்ரலில் யூரோ 5 டீசல் வந்த பிறகு அது 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு), அதற்கு முன் யூரோ 2எம் டீசலில் 500 வரை இருந்தது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. எடுத்த ஆயிலில் ஒரு சொட்டை நன்றாகக் காய்ந்த இரும்புத் தகட்டில் விடுங்கள். சத்தமில்லாமல் பரவினால் தண்ணீர் இல்லை. படபடவென்று பொரிந்தால் இருக்கிறது. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் சோதனையே வேண்டாம், கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

நேவி_கிழவன்:

நல்ல சோதனை. அப்படிக் காப்பி நிறமாக வந்தால் முதலில் கடல் தண்ணீர் பம்பின் சீலைப் பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. ஆயில் மாற்றிய பிறகு பலர் ஸ்டாப் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிரஷர் ஏறட்டும் என்று ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுவார்கள். டிராக்டரில் செய்யலாம். படகில் இன்ஜின் சுற்றும்போதெல்லாம் தண்ணீர் பம்பும் சுற்றும். புகை வராததால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ள ஆள் இல்லை. சைலன்சர் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறிவிடும். தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். நீண்ட நேரம் சுற்ற வேண்டுமென்றால் சீகாக்கை (கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வு) மூடிவிட்டுச் சுற்றுங்கள். இன்ஜின் பிடித்த கணமே திறந்துவிடுங்கள். திறக்க மறந்தால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தூளாகிவிடும். சாவியைச் சீகாக் கைப்பிடியில் மாட்டி வைப்பது என் பழக்கம்.

லோரி_மன்னன்:

சரி சரி, ஒத்துக்கிறேன். எடுத்த ஆயிலை என்ன பண்ணுவீங்க? எங்க லயத்துப் பக்கம் வேலிக் கம்பத்துக்கு அடிப்போம், கறையான் கிட்ட வராது.

தண்டல்_பேரன்:

எங்க தாத்தா காலத்துல தோட்டத்துல மலேரியா வேலைன்னு ஒரு கேங்கே இருந்துச்சு. முதுகுல டின்னைக் கட்டிக்கிட்டு ஓடை, சாக்கடை எல்லாத்துலயும் எண்ணெய் தெளிப்பாங்க, கொசுப் புழு மூச்சு முட்டிச் செத்துப் போகும். கிள்ளான்ல 1901-ல மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தைத் தோண்டித் தண்ணியை வடிச்சு மலேரியாவைக் குறைச்சாரு, வடிக்க முடியாத இடத்துக்கு எண்ணெய்தான் வழின்னு அப்புறம் தோட்டம் தோட்டமாப் பரவிச்சு. அந்தப் பழக்கம்தான் இன்னும் விடல, மிச்சம் இருக்கிற எண்ணெயை எங்கயாவது தெளிச்சிடுறது.

கரையேத்தி:

இப்ப அப்படிச் செஞ்சா மாட்டிக்குவீங்க. 2005 ஷெடியூல்ட் வேஸ்ட் சட்டத்துல பழைய இன்ஜின் ஆயிலுக்குத் தனி நம்பரே இருக்கு, எஸ்டபிள்யூ 305. ஃபில்டரும் எண்ணெய்த் துணியும் எஸ்டபிள்யூ 410. ஒர்க்‌ஷாப், மரினா எல்லாம் லைசென்ஸ் உள்ள ஆளுங்ககிட்டதான் குடுக்கணும், ஜேஏஎஸ் (சுற்றுச்சூழல் இலாகா) வந்து ரெக்கார்டு பாப்பாங்க. யார்டுலயே பழைய ஆயில் தோங்கு இருக்கும், அதுல ஊத்திட்டு வாங்க. தண்ணி கலந்த ஆயிலை மட்டும் அதுல ஊத்தாதீங்க, தனியா வைக்கச் சொல்லுவாங்க.

ஆயர்தாவார்_பொமன்:

இன்னைக்கு வேலையில இறங்கிட்டேன், ஆனா பாதியில நிறுத்தி வெச்சிருக்கேன். சூடாக்கி, பில்ஜ் பம்பை ஆஃப் பண்ணி, பம்பு போட்டு இழுத்தேன். நல்லா வந்துச்சு, ரொம்பவே நல்லா வந்துச்சு. டப்பாவுல 3.2 லிட்டர்! கரையேத்தி பிரதர் 2.6-ன்னு சொல்லியிருந்ததால திரும்பவும் அளந்தேன், அதேதான். தண்ணி மாதிரி ஓடுது. கம்போங் கோ சோஸ் போத்தல் ஒண்ணைக் கழுவி அதுல கொஞ்சம் பிடிச்சு வெச்சேன், கறுப்பாத்தான் இருக்கு, காப்பி நிறம் இல்ல. தகட்டுல விட்டுப் பாத்தேன், பொரியல. விரல்ல எடுத்துத் தேச்சா வழவழப்பே இல்ல. ஓனரம்மாவோட நோட்டுல ஆயில் குறையவே இல்ல, நல்ல இன்ஜின்னு எழுதியிருக்கு. புது ஆயிலை ஊத்தட்டுமா, வேண்டாமா?

நேவி_கிழவன்:

ஊற்றாதீர்கள். மோந்து பார்த்தீர்களா?

ஆயர்தாவார்_பொமன்:

டீசல் வாசனை ஐயா, லேசா இல்ல, நல்லாவே.

நேவி_கிழவன்:

பிளாக்கின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டிய சின்ன டீசல் பம்பு இருக்கும், கையால் அடிக்க ஒரு நெம்புகோலும் இருக்கும். அதை ஓட்டுவது கேம் ஷாஃப்ட். உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம் மேலும் கீழும் போய் டீசலைத் தள்ளுகிறது. அந்த ரப்பர் கிழிந்தால் டீசல் வெளியே சொட்டாது, நேராகச் சம்புக்குள் இறங்கும். வெளியில் ஈரமே தெரியாது, இன்ஜினும் நன்றாக ஓடும், ஆயில் மட்டும் குறையாமல் இருந்துகொண்டே இருக்கும். டீசல் இன்ஜினில் ஆயில் ஏறினால்தான் பயப்பட வேண்டும். ரொம்ப ஏறினால் இன்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு நிறுத்த முடியாமல் ஓடும். பம்பைக் கழற்றுங்கள். டீசல் குழாயை மாட்டியபடியே நெம்புகோலை அடித்துப் பாருங்கள். இன்ஜின் பக்கம் இருந்த முகத்திலிருந்து டீசல் வந்தால் அதுதான். வரவில்லையென்றால் இன்ஜெக்ஷன் பம்பைப் பார்க்க வேண்டும், அது உங்களுக்கும் எனக்கும் வேலையல்ல, பம்பு கடைக்கு அனுப்ப வேண்டியது.

மில்_லேப்:

பழைய ரப்பர் சிலது பயோடீசலில் ஊறினால் இளகிப்போகும். பம்பு படகின் வயசு என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எரிபொருள் ஓஸையும் அழுத்திப் பாருங்கள், கொழகொழவென்று இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஆயர்தாவார்_பொமன்:

ஐயா, வந்திடுச்சு! நெம்புகோலை அடிச்சதும் இன்ஜின் பக்கத்து ஓட்டையில இருந்து டீசல் குபுகுபுன்னு ஊத்துது. ஓனரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், நோட்டுல எழுதினதை அவங்களே அடிச்சிட்டாங்க. அக்கா, இந்தப் பம்பு உங்ககிட்ட இருக்கா?

சித்தியவான்_ஸ்பேர்பாட்_அக்கா:

கையில இல்ல தம்பி. ஈப்போவுல இருந்து வரணும், வியாழக்கிழமை லோரியில வந்திடும். பழசோட ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, போல்ட் ஓட்டை ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னு ஸ்கேல் வெச்சு எடுங்க. கேஸ்கெட்டும் சேத்து எடுக்கிறேன். ஆயில் ரெண்டு செட் வாங்கிக்கங்க. புதுப் பம்பு மாட்டினதும் ஒண்ணை ஊத்திக் கொஞ்ச நேரம் ஓட்டி எடுத்திடுங்க, உள்ள தங்கின டீசல் அதோட வந்திடும். ரெண்டாவதுதான் படகோட தங்கப்போறது.

நேவி_கிழவன்:

அக்கா சொல்வது சரி. ஃபில்டரை இரண்டாவது தடவை போட்டால் போதும், முதல் தடவைக்குப் பழைய ஃபில்டரே இருக்கட்டும், அதில் ஓட்டை போட்டுவிடவில்லை என்றால்.

ஆயர்தாவார்_பொமன்:

இன்னும் போடல ஐயா, ஆணி கையில இருந்துச்சு, லிட்டர் கணக்கைப் பாத்ததும் நிறுத்திட்டேன். படகைக் கரையேத்துற நாளை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளச் சொல்லியாச்சு. மச்சான் யார்டுல பேசிட்டான்.

லோரி_மன்னன்:

ஒரு சந்தேகம். என் லோரிக்கு இந்த மூணு மாசமா ஆயிலே ஏத்தல. டிப்ஸ்டிக்ல மேல் கோட்டைத் தாண்டி நிக்குது. நல்ல இன்ஜின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

நேவி_கிழவன்:

வண்டியை எடுக்காதீர்கள். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.